பித்தளையா, வார்ப்பிரும்பா: குறுகிய பாதை ரயில் தகடுகள் பற்றி

இலங்கையின் களனிவெளி ரயில் பாதையில் 762 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய வண்டிகள், 1990களில் அப்பாதை அகலப்படுத்தப்பட்டதோடு ஓய்வு பெற்றன. அத்தகைய வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்த, தயாரித்தவரின் பெயர் பொறித்த தகடுகளைச் சேர்க்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எஞ்சினின் பித்தளைத் தகடா, சரக்குப் பெட்டியின் வார்ப்பிரும்புத் தகடா என்பதையே. நான் பித்தளையையே தேர்ந்தேன்.

அழகில் பித்தளைக்கும், மலிவில் இரும்புக்கும் முதலிடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எஞ்சின் தகட்டில் பெரும்பாலும் தொழிற்சாலை இலக்கம் இருப்பதால், அது எந்த எஞ்சினுக்குரியது என்று தேடிப் பிடிக்கலாம். பெட்டித் தகட்டில் பல வேளைகளில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் மட்டுமே இருக்கும்.

என் தெரிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடி போன்ற இடத்தில், வாடைக்காற்றும் மழையும் சேரும் மாதங்களில், வார்ப்பிரும்பைக் காப்பது பெரும்பாடு. எழுத்துகளின் அடிவிளிம்பில் முதலில் பூச்சு கொப்பளிக்கும்; விரலால் அழுத்தினால் உதிரும், அடியில் செம்மண் நிறத்தில் துரு தெரியும். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மறுபடி பூசினால் துரு நிற்கும். ஆனால் சேகரிப்பவர் பணம் கொடுப்பதே அந்தப் பழைய பூச்சுக்குத்தான். பித்தளையும் கறுக்கும், ஆங்காங்கே பச்சை படியும். ஆயினும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் நெடுநாள் தாங்கும். குத்துவிளக்கு துலக்கும் பழக்கத்தில் வீட்டார் யாராவது புளியும் சாம்பலும் எடுத்து வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். அப்படித் தேய்த்த தகட்டில் எழுத்தின் கூர்விளிம்பு மழுங்கும், பள்ளத்தில் எஞ்சிய பழைய வர்ணம் போய்விடும், விலையும் இறங்கும்.

பித்தளையின் பக்கம் உள்ள உண்மையான ஆபத்து போலி. அதைக் கண்டுபிடிக்க அளவுகோலே உதவும்: உருக்கிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு சுருங்குவதால், அசல் தகட்டையே மணலில் பதித்து வார்த்த நகல், 300 மில்லிமீற்றர் நீளத்துக்கு 4 முதல் 5 மில்லிமீற்றர் குறைந்தே வரும். அதே வகைத் தகட்டின் நம்பகமான அளவு கையில் இருந்தால் இது ஒரு நிமிட வேலை. ஆண்டையும் பார்க்க வேண்டும். ரயில் எஞ்சின் தயாரித்த ஷார்ப் ஸ்டுவர்ட் கம்பனி 1903இல் வேறு இரண்டு கம்பனிகளுடன் இணைந்து நோர்த் பிரிட்டிஷ் என்ற கம்பனி ஆனது. ஆகவே 1910 என்று பொறித்த ஷார்ப் ஸ்டுவர்ட் தகட்டை யாராவது நீட்டினால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். எந்த உலோகமாயினும், சட்டப்படி விற்கப்பட்டதற்கான பற்றுச்சீட்டு இல்லாத தகட்டைத் தொடவே கூடாது.

மறுவிற்பனையைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது. வாங்கியிருக்கிறேனே தவிர, எதையும் விற்றதில்லை. இலக்கத்தால் எஞ்சினை இனங்காட்டக்கூடிய தகட்டுக்கே வாங்குவோர் அதிகம் என்பது மட்டும் கேட்டவரை தெரிகிறது. அம்பாறை நகரம் போல, கடற்காற்று எட்டாத உள்நாட்டில் இருப்பவருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம்; அங்கே பழைய பூச்சு கெடாத ஓர் இரும்புத் தகடு குறைந்த விலைக்குக் கிடைத்தால், அதை விடச் சொல்ல மாட்டேன்.