புல்லட் வேலைக்கு ஓசூரா, தருமபுரியா?

அப்பாவின் 1986 மாடல் புல்லட், வார்ப்பிரும்பு இன்ஜின், வலது காலில் கியர். அதை முழுசாகப் பிரித்து நமக்குப் பிடித்த மாதிரி கட்டலாம் என்று முடிவானதும் யாரிடம் கொடுப்பது என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. எங்கள் ஊர் காவேரிப்பட்டணம். வடக்கே கிருஷ்ணகிரி தாண்டினால் ஓசூர், தெற்கே தருமபுரி. இரண்டு ஊரிலும் ஒவ்வொரு பட்டறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். வீட்டு ஆட்களையும் கூட்டிப்போனதால், சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்பதும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

ஓசூரின் பலம் இரும்பு வேலை. டிவிஎஸ், அசோக் லேலண்ட் என்று பெரிய தொழிற்சாலைகள் வந்த ஊர், அவற்றை நம்பி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். அதனால் லேத், கணினியில் ஓடும் சிஎன்சி கடைசல், பவுடர் கோட்டிங், லேசர் கட்டிங் எல்லாமே கூப்பிடு தூரத்தில் நடக்கிறது. ஹேண்டில்பார் கிளாம்ப் ஒன்று நம் அளவுக்கு வேண்டும் என்றால் படம் வரைந்து கொடுத்துவிட்டு டீ குடித்து வரலாம். பெயிண்டும் அங்கேதான் அருமை, நான் பார்த்த டேங்கில் தங்கக் கோடு கையால் இழுத்தது, ஒரு இடத்தில்கூட தடிமன் மாறவில்லை. ஆனால் இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பதில் சுருங்கிவிடுகிறது. புது மாடல் வண்டிகளே அதிகம் வருவதால் பழைய இன்ஜினுக்கு அங்கே பொறுமை குறைவு என்றே எனக்குப் பட்டது. வேலை நடக்கும் இடத்துக்குள் நம்மை விடவும் இல்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோபாவில் உட்கார வேண்டியதுதான்.

தருமபுரியில் சோபா கிடையாது, ஒரு மரப்பலகை. பட்டறைக்கார அண்ணன் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. அப்புறம் என்னையும் அதே மாதிரி கேட்கச் சொன்னார். "தம்பி, மேல டிக் டிக்னு கேக்குறது டேப்பெட். அது பத்து நிமிஷ வேலை. கீழ கரகரன்னு ஒண்ணு வருது பாருங்க, அது பிக் எண்ட். அதுக்குத்தான் செலவு." டேப்பெட் என்பது வால்வைத் தள்ளும் பாகம்; பிக் எண்ட் என்பது பிஸ்டனின் தண்டு கீழே கிராங்கில், அதாவது சுழலும் தண்டில், மாட்டும் இடம். நாற்பது வருஷ வண்டியில் எனக்கு அன்றுதான் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. அந்தப் பட்டறையில் பெயிண்ட் சுமார்தான், சீட் தைக்க வெளியேதான் கொடுக்கிறார்கள், நாளும் கூடுதலாகக் கேட்கிறார்கள். இருந்தாலும் கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் நம் கையில் கொடுத்துக் காட்டுகிறார்கள்.

எங்கே கொடுத்தாலும் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை வெட்ட விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது, மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. நிறம் மாற்றலாம், ஆனால் ஆர்டிஓ அலுவலகத்தில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க எப்படியும் அங்கே கொண்டுபோய் நிறுத்தத்தானே வேண்டும்.

சரி, வேலை முடியும்வரை எங்கே போவது? ஓசூரில் சந்திர சூடேஸ்வரர் மலைக்கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது, காலையில் ஏறினால் காற்று நன்றாக இருக்கும். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் பக்கம்தான். கெலவரப்பள்ளி அணைக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போக எனக்கு மனசில்லை, தென்பெண்ணையில் நுரை பொங்கி வருவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ராயக்கோட்டை மட்டும் விடாதீர்கள். 1791இல் திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த மலைக்கோட்டை, ஏற மூச்சு வாங்கும், வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும். கீழே சந்தையில் தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருப்பதே ஒரு காட்சி.

தருமபுரி பக்கம் அதியமான்கோட்டை பெருமாள் கோயிலின் கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அரை நாள் கழிக்கலாம். ஒகேனக்கல்லைச் சொல்லவே வேண்டாம், பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். மீனை வாங்கிக் கொடுத்தால் மசாலா தடவிப் பொரித்துத் தரும் அக்காக்கள், அப்புறம் பரிசல். காவிரியில் தண்ணீர் கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்காரனுக்கு ஒகேனக்கல்லில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வேலை முடிந்த வண்டியில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆற்றிலிருந்து பென்னாகரம் மலைப்பாதையில் ஏறிப் பாருங்கள். கிளட்ச் நழுவுகிறதா, சூட்டில் இழுவை குறைகிறதா என்று அந்த வளைவுகளிலேயே தெரிந்துவிடும். ஓசூரிலிருந்து கிளம்பினால் கிடைப்பது நெடுஞ்சாலைதான், அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

நான் வேலையைப் பிரித்துவிட்டேன். டேங்கும் மட்கார்டும் ஓசூரில் பெயிண்டுக்குப் போயிருக்கின்றன, அதே கரும்பச்சை, அதே தங்கக் கோடு. இன்ஜின் தருமபுரியில் அந்த அண்ணனிடம். வெள்ளிக்கிழமை கிராங்க் பிரிக்கிறார், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.