முன்சக்கர டஸ்டரை நாலு சக்கர இழுவைக்கு மாற்றி மூன்று வருடம்

பழவேற்காடு பக்கம் மாமனாருக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. கேட்டிலிருந்து பம்ப்செட் கொட்டகை வரை முக்கால் கிலோமீட்டர், முழுக்கக் கடல் மணல். 2013-ல் நான் வாங்கிய ரெனோ டஸ்டர் கார், 110 குதிரைத்திறன் டீசல், முன்சக்கர இழுவை. அந்த முக்கால் கிலோமீட்டருக்குள் மூன்று இடத்திலாவது நின்றுவிடும். முன்சக்கரம் சுற்றும், குழி பறிக்கும், வண்டி வயிற்றில் உட்காரும். மாமா டிராக்டரை எடுத்துக்கொண்டு வருவார். வரும்போதே சிரித்துக்கொண்டு வருவார். அந்தச் சிரிப்பை நிறுத்த நான் செலவழித்தது, கடைசிக் கணக்கில், மூன்று லட்சத்து எண்பதாயிரம்.

இதே வண்டியில் நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் ஏ.டபிள்யூ.டி. மாடல் 2014-ல் வந்தது. இரண்டும் நம்ம ஒரகடத்தில் செய்த வண்டிகள். கதவு ஒன்று, முகம் ஒன்று, என்ஜின் ஒன்று. பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு டிஃபரன்ஷியல், நடுவே அதற்கு இழுவையைக் கொண்டுபோகும் ஒரு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், அவ்வளவுதானே, கழற்றி மாட்டினால் போச்சு என்று நினைத்தேன். சென்னை பாடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் இரண்டு மாடலையும் அடுத்தடுத்து லிஃப்டில் ஏற்றிக் காட்டியபோதுதான் வாயடைத்துப் போனேன். என் வண்டியில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே இரும்பு உத்தரம் சேர்த்துப் பிடித்திருந்தது. ஏ.டபிள்யூ.டி.யில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி கைகள், நடுவில் டிஃபரன்ஷியல், எல்லாவற்றையும் தாங்க சப்ஃப்ரேம் என்ற ஒரு இரும்புச் சட்டம். என் வண்டியில் ஸ்டெப்னி அடியில் தொங்கியது. அதில் டிக்கிக்குள் ஏறிவிட்டது, ஏனென்றால் கீழே இடமே இல்லை. “இது பார்ட்ஸ் மாத்துற வேலை இல்ல சார், பாதி வண்டியை மாத்துற வேலை” என்றார்.

பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் நாலு மாதம் அலைந்தேன். ஒரு பாய் கடைசியில் போன் செய்தார், லாரியின் பின்னால் போய் மோதிய ஏ.டபிள்யூ.டி. ஒன்று வந்திருக்கிறது என்று. போய்ப் பார்த்தால் ஓட்டுநர் பக்க மூலை என்ஜினோடு சேர்ந்து நசுங்கியிருந்தது. கியர்பாக்ஸ் அதற்கு மறுபக்கம் இருப்பதால் தப்பித்திருந்தது. பின்பாதியில் ஒரு கீறல் இல்லை. ஆர்.சி. ரத்தான தாளைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகுதான் பணத்தைக் கொடுத்தேன். புதுப்பேட்டையில் சாமான் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் வெட்கப்படாதீர்கள், கேளுங்கள்.

டிங்கர் வேலைக்கே ஐந்து வாரம் ஆனது. பின்தளத்தை வெட்டி, அந்த வண்டியின் தளத்தை சப்ஃப்ரேம் போல்ட் துளைகளோடு சேர்த்து வெல்ட் செய்தார்கள். டீசல் டேங்க், சைலன்சர் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாமே அதிலிருந்து வந்தவை. கியர்பாக்ஸும் மாறியது. ஏ.டபிள்யூ.டி.யின் முதல் கியர் மிகவும் குட்டை. மணலில் கிளட்சைத் தேய்க்காமல் நடை வேகத்தில் ஊர்ந்து போகலாம். இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று கேட்டால் பின்சக்கர இழுவையைச் சொல்ல மாட்டேன், இந்த முதல் கியரைத்தான் சொல்வேன்.

இரும்பு வேலை முடிந்த பிறகும் வண்டி முன்சக்கரத்தில்தான் ஓடியது. ஷாஃப்ட் சுற்றும், பின்சக்கரம் சும்மா வரும். டிஃபரன்ஷியலுக்கு முன்னால் இருக்கும் கப்ளிங்கில் ஒரு மின்காந்தம் இருக்கிறது. அதற்குக் கரண்ட் போனால்தான் உள்ளே கிளட்ச் தட்டுகள் இறுகிப் பின்சக்கரத்துக்கு இழுவை போகும், அதிகபட்சம் பாதி வரை. எவ்வளவு கரண்ட் என்பதைத் தீர்மானிக்கும் பெட்டி, நாலு சக்கரத்தின் வேகத்தையும் ஏ.பி.எஸ்.ஸிடம், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பிடம், கேட்கும். என் பழைய ஏ.பி.எஸ். யூனிட்டுக்கு அந்தப் பெட்டியோடு பேசத் தெரியவில்லை. அதையும் மாற்றி, ஒயரிங்கை டேஷ்போர்டு வரை பிரித்துப் போட்டு, ஒரு எலக்ட்ரீஷியன் பதினெட்டு நாள் உட்கார்ந்தார். 2WD (முன்சக்கரம் மட்டும்), ஆட்டோ (தேவைக்கேற்ப), லாக் (பின்சக்கரமும் சேர்ந்தே) என்ற அந்தச் சின்ன வட்டத் திருகியைத் திருப்பியதும் மீட்டரில் விளக்கு எரிந்த அன்று பட்டறை முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன்.

சரி, மணலில் எப்படி? கேட்டிலிருந்து கொட்டகை வரை நிற்காமல் போகிறது. லாக் போட்டு, முதல் கியரில், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டபடி. ஆனால் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்த முதல் வாரம் டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்றோடு போய் நாலு சக்கரத்தையும் சேர்த்துப் புதைத்தேன். முன்பு இரண்டு குழி, இப்போது நாலு. மாமா டிராக்டரோடு வந்து 18-க்குக் காற்றை இறக்கச் சொன்னார், வண்டி தானே ஏறி வந்தது. பழைய வண்டியிலேயே காற்றை இறக்கிப் பார்த்திருந்தால் மூன்றில் இரண்டு இடங்களைத் தாண்டியிருப்பேன் என்பது என் கணிப்பு. மணலில் சிக்குகிறவர்கள் முதலில், இறக்கிய காற்றைத் திரும்ப அடிக்க 12 வோல்ட் பம்ப் ஒன்று வாங்குங்கள்.

கோடையில் காய்ந்த மணலில் லாக்கிலேயே கால் மணி நேரம் உழைத்தால் கப்ளிங் சூடாகி விளக்கு சிமிட்டும், பின்சக்கரத்தைக் கழற்றிவிடும். அது பழுதல்ல, தற்காப்பு. வேப்பமரத்தடியில் நிறுத்தி ஒரு இளநீர் குடித்து வந்தால் சரியாகிவிடும்.

நான் பட்ட பெரிய அடி டயரில்தான். இரண்டாம் வருடம் வெட்டிய சவுக்குக் கட்டை ஒன்று முன்டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. முன்னால் இரண்டு மட்டும் புதிது போட்டேன், பின்னால் பாதி தேய்ந்த பழசு. முன்சக்கர வண்டியில் காலமெல்லாம் அப்படித்தானே செய்துவந்தோம். பத்து நாளில் அடியிலிருந்து ஒரு முனகல். கொட்டகை முன் சிமெண்ட் தளத்தில் திரும்பினால் வண்டி விக்கல் எடுத்தமாதிரி துள்ளியது. மெக்கானிக் அண்ணன் வந்தார், ஸ்பேனரைத் தொடவே இல்லை. சாக்பீஸ் கேட்டார். டயரிலும் தரையிலும் கோடு போட்டு, ஒரே ஒரு சுற்று உருட்டி, டேப் பிடித்தார். முன்டயர் 209 செ.மீ., பின்டயர் 206.5. “ரெண்டரை செ.மீ. தானே அண்ணே” என்றேன். “ஒரு சுத்துக்கு சார்” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டருக்குப் பின்சக்கரம் ஆறு சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். மணலில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். சிமெண்டில் லாக் போட்டால் அது எங்கே போகும்? கப்ளிங் தட்டுகள்தான் தேய்ந்து விழுங்க வேண்டும். சிமெண்டில் லாக் போட்டது என் தப்பு, இரண்டு டயர் மட்டும் வாங்கியது அதைவிடப் பெரிய தப்பு. இப்போது நாலும் ஒன்றாகத்தான் வாங்குகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாக்பீஸ் போடுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது வேளச்சேரி உறவுக்காரர்கள் நாலு பேர் போன் செய்தார்கள், “அந்த ஃபோர்வீல் வண்டியை எடுத்துக்கிட்டு வாயேன்” என்று. தண்ணீரில் இந்த மாற்றம் ஒரு பைசாவுக்கு உதவாது. என்ஜின் மூச்சிழுக்கும் குழாய் பழைய உயரத்தில்தான் இருக்கிறது, நாலு சக்கரம் இழுத்தாலும் உள்ளே தண்ணீர் போனால் கதை முடிந்தது. போதாததற்கு இப்போது தண்ணீர் புக இன்னொரு இடமும் சேர்ந்திருக்கிறது. அந்த மழைக்குப் பிறகு தோப்பு வாய்க்காலில் வண்டியை இறக்கினேன். சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் அதன் மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வழிந்தது. உடனே மாற்றியதால் பல் சக்கரம் பிழைத்தது. மூச்சுக் குழாயில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி உயர்த்திக் கட்டியிருக்கிறேன்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. கிளம்புவதற்குத்தான் நாலு சக்கர இழுவை. நிறுத்துவதற்கு எல்லா வண்டியிலும் நாலு சக்கரம்தான் இருக்கிறது. எடைமேடையில் வண்டி எழுபது கிலோ கூடியிருக்கிறது, ஆகவே பார்த்துத்தான் ஓட்டுகிறேன்.

அப்புறம் சட்டம். இந்த வண்டி தோப்பை விட்டு வெளியே ஓடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. தளத்தை வெட்டி ஒட்டிய வண்டிக்கு இன்சூரன்ஸும் துணை நிற்காது. பட்டறைக்குப் போக வேண்டுமென்றால் மேல் ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டிதான், ஒரு நடைக்கு ஆறாயிரம். இந்த மூன்று வருடத்தில் நாலு நடை. விற்கவும் முடியாது. இதே பணத்தோடு என் பழைய வண்டியை விற்ற காசையும் சேர்த்திருந்தால் ஒழுங்கான ஏ.டபிள்யூ.டி. ஒன்றையே செகண்ட்ஹேண்டில் வாங்கி, ஊட்டிக்கும் ஓட்டிப் போயிருக்கலாம். மனைவி இதை முதல் நாளே சொன்னாள், இன்றும் வாரம் ஒருமுறை சொல்கிறாள்.

இதுவரை 4,600 கிலோமீட்டர். ப்ரொப்பல்லர் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கை ஒருமுறை மாற்றினேன். வெல்ட் ஓரத்தில் கடல்காற்றுக்குத் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, மழைக்கு முன் சுரண்டி அண்டர்கோட் அடிக்க வேண்டும். மாமா இப்போது டிராக்டரை எடுப்பதில்லை. உரமூட்டை ஏற்ற என் வண்டியைத்தான் கேட்கிறார், சாவி அவரிடமே இருக்கிறது. போன வாரம் போனபோது டயரைப் பார்த்தேன். நாலிலும் 18 பி.எஸ்.ஐ., தரையில் புதிதாக ஒரு சாக்பீஸ் கோடு.