ஈர ஊரில் ஒரு சுருட்டுப் பெட்டி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சுருட்டைப் பாதுகாக்கும் பெட்டியான ஹியூமிடாரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுத்தான் 2021இல் வேலையைத் தொடங்கினேன். படித்தவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டார் எழுதியவை. காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்து வை, உட்புற மரத்தை ஈரத்துணியால் துடை, பஞ்சு காய்ந்தால் மறுபடி நீர் விடு என்றே எல்லாரும் சொன்னார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்தேன். ஆறே வாரத்தில் பெட்டிக்குள் பூசணம் பிடித்தது.

காலையில் 90 சதவீதத்தைத் தாண்டிய ஈரப்பதம் பிற்பகலில் 60ஐ ஒட்டி இறங்கும் ஊர் இது. சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 வரை. சிங்கப்பூரில் பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. இங்கே நமக்குத் தேவை, வெளியே இருக்கிற ஈரத்தை வெளியிலேயே நிறுத்தும் பெட்டி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பெட்டிகளும் பதினேழு சுருட்டுகளும் செலவாயின.

முதல் பெட்டி, இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய பழைய மரப்பெட்டி. பார்வைக்கு அழகு. ஆனால் உள்ளேயும் வார்னிஷ் பூசியிருந்தார்கள். அதைச் சுரண்டி எடுத்து, மூடியின் உட்புறம் முள் வைத்த ஈரமானி ஒன்றைப் பொருத்தினேன். அது எந்நேரமும் 68 காட்டிக்கொண்டிருந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன். பூசணம் கண்டபிறகுதான் உப்புச் சோதனை செய்யத் தோன்றியது. பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, ஈர மணல்போல் ஆகும்வரை சில சொட்டு நீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் ஒரு நாள் வைக்க வேண்டும். உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீதத்தில் நிறுத்திவிடும். ஈரமானியும் 75 காட்ட வேண்டும். என்னுடையது 61 காட்டியது. அதாவது அது 68 என்று சொன்ன நாள்களில் உள்ளே 82 இருந்திருக்கிறது. அதன்பிறகு இலக்க ஈரமானிகள் மூன்றை வாங்கினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்றுக்கும் உப்புச் சோதனை உண்டு. முள் வைத்தது இப்போது சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது.

இரண்டாவது முயற்சி, ஒயின் வைக்கும் சிறிய குளிர்பெட்டி. வெப்பநிலையையும் 18 டிகிரிக்கு இறக்கிவிடலாம் என்ற பேராசை. நம் ஊர்க் காற்றில் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் நீர் கோத்துக்கொள்ளும். கோப்பிக்கடையில் மைலோ பெங், அதாவது பனிக்கட்டி போட்ட மைலோ, தம்ளருக்கு வெளியே வியர்க்கிறதே, அதே கதைதான். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே புகுந்த காற்று பின்சுவரில் துளிகளாக வழிந்தது. கீழ்த்தட்டுச் சுருட்டுகள் உப்பின. ஐந்து மாதம் போராடிவிட்டு விற்றுவிட்டேன். வாங்கியவர் அதில் ஒயினைத்தான் வைத்திருக்கிறார்.

இப்போது பயன்படுத்துவது மூன்றாவது வகை. முஸ்தபா கடையில் அரிசி, மாவு போட்டுவைக்க விற்கும் பிளாஸ்டிக் பெட்டிதான். மூடியைச் சுற்றிச் சிலிக்கான் வளையம், நான்கு பக்கமும் கொக்கி. வாங்குவதற்கு முன்பு, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ரசீதைச் செருகி, கொக்கிகளை மாட்டிவிட்டு இழுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு வரக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் உள்ளே உலர்ந்த டிஷ்யூ தாளைப் போட்டு மூடி, குளியலறையில் நீர் நிரம்பிய அண்டாவில் அமுக்கிப் பிடித்தேன். தாள் நனையவில்லை. பிளாஸ்டிக் வாடை போக, சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி நான்கு நாள் திறந்தபடி காயவைத்தேன்.

உட்புறத்துக்கு ஸ்பானிஷ் சிடார் பலகை. பெயர்தான் அப்படி, அது ஸ்பெயின் நாட்டு மரமும் அல்ல, சிடாரும் அல்ல. நம் வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க வெப்பமண்டல மரம். நண்பர்கள் தீர்த்துப்போட்ட சுருட்டுப் பெட்டிகளிலிருந்து மெல்லிய பலகைகளைப் பிரித்து அடியிலும் இரு பக்கங்களிலும் நிறுத்தினேன். பசை எதுவும் இல்லை. பலகை வாசனைக்கும், ஈரம் சட்டென்று ஏறி இறங்காமல் தாங்குவதற்கும் உதவுகிறது. வண்டை விரட்டும் என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஈரத்தைப் பார்த்துக்கொள்வது இருவழிப் பொட்டலங்கள். போவெடா என்று கேட்டால் கிடைக்கும். ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் உறிஞ்சும். 69, 72 என்று பல அளவுகள் இருந்தாலும் இங்கே நான் 65தான் வைக்கிறேன். வெப்பமான காற்று அதே சதவீதத்தில் அதிக நீரைத் தாங்கி நிற்கும். 28 டிகிரியில் 70 என்பது பூசணத்துக்கு விருந்து. இருபத்தைந்து சுருட்டுக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று போதும். வறண்ட நாடுகளில் இந்தப் பொட்டலம் காய்ந்து அட்டைபோல் விறைத்துவிடுமாம். என்னிடம் நேர்மாறாக, மூன்று மாதத்தில் தண்ணீர்ப்பைபோல் பொதபொதவென்று ஊதிவிடுகிறது. தூக்கி எறிவதில்லை. கேமரா வைக்கும் உலர்பெட்டியில் இரண்டு நாள் கிடத்தி எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரே பொட்டலத்தை ஒன்றரை ஆண்டு ஓட்டியிருக்கிறேன்.

பெட்டி இருப்பது எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாதுகாப்பறையில், அரிசி மூட்டைக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவே. கனத்த கான்கிரீட் சுவர் என்பதால் இரவும் பகலும் 28, 29 டிகிரியைத் தாண்டி அசைவதில்லை. படுக்கையறையில் வைத்தபோது இரவில் குளிர்சாதனம் ஓட, பகலில் நிற்க, வெப்பநிலை தினமும் ஐந்தாறு டிகிரி ஊஞ்சலாடியது. திறக்கும்போது மட்டும் பெட்டியைக் குளிர்சாதன அறைக்குக் கொண்டுபோகிறேன். மழை விட்ட காலையில் மூடியைத் தொடுவதே இல்லை.

இனி வண்டு. இரண்டாம் ஆண்டு, ஒரு சுருட்டின் மேல் இலையில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமான துளை. தட்டினேன், பழுப்புத் தூள் உதிர்ந்தது. கூடவே எள்ளைவிடச் சிறிய, செம்பழுப்பு நிற வண்டு ஒன்று தாளில் கவிழ்ந்து விழுந்து, காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் நடித்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். “மல்லி டப்பாவில் வருகிற வண்டுதானே இது? இதையா இவ்வளவு விலை கொடுத்து வாங்கினீர்கள்?” என்றாள். அவள் சொன்னது சரி. புகையிலை வண்டும், மஞ்சள், மல்லி, மிளகாய் வற்றலைத் துளைக்கும் வண்டும் ஒன்றேதான். முட்டை இலையோடு வருகிறது. நம் ஊர் வெப்பத்தில் அது பொரிக்காமல் இருந்தால்தான் அதிசயம். பலகையை அது சட்டையே செய்யவில்லை. ஒன்பது சுருட்டு போயிற்று.

மல்லித்தூளை உறைபெட்டியில் வைத்து எடுக்கும் பழக்கம் எங்கள் சமையலறையில் ஏற்கெனவே இருந்தது. இப்போது சுருட்டுக்கும் அதே மரியாதை. புதிதாக வாங்குவதை இரண்டு பைகளுக்குள் காற்றை வெளியேற்றி அடைத்து, குளிர்பெட்டியில் ஒரு நாள், உறைபெட்டியில் நான்கு நாள், மறுபடி குளிர்பெட்டியில் ஒரு நாள். பிறகு வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்தபிறகே பையைப் பிரிப்பேன். அவசரப்பட்டால் மேல் இலை வெடிக்கும், இதுவும் பட்டறிவுதான். அதன்பிறகு இன்றுவரை துளை ஒன்றும் இல்லை.

புகைக்குழாயில் அடைத்துப் பிடிக்கும் பைப் புகையிலைக்கு இந்தப் பெட்டியே வேண்டாம். செர்ரி மணம் ஏற்றிய கலவையைச் சுருட்டோடு ஒரு மாதம் வைத்துவிட்டு, செர்ரிச் சுருட்டு புகைத்தவன் நான். புகையில் பதப்படுத்திய லட்டாக்கியா இன்னும் மோசம். பக்கத்தில் இருப்பதையெல்லாம் தன் வாடைக்கு மாற்றிவிடும். ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி, ஊறுகாய்க்கு வாங்குவோமே, அதுவே போதும். கழுத்துவரை அடைத்து, தேதி எழுதி, இருட்டில் வைத்தால் வேலை முடிந்தது, பொட்டலமும் வேண்டாம். ஒன்று மட்டும் கவனம். புகைக்குமுன் தட்டில் பரப்பிக் காயவைக்கச் சொல்வார்கள். இங்கே சன்னலோரம் பரப்பினால் காயாது, மேலும் ஈரம் ஏறும். குளிர்சாதன அறையில் இருபது நிமிடம் வைத்து, ஒரு சிட்டிகையை விரலால் அழுத்தி விடுங்கள். கட்டியாக ஒட்டாமல் மெல்ல விரிந்தால் பதம் சரி.

செலவு, இரண்டு பிளாஸ்டிக் பெட்டி, மூன்று ஈரமானி, பொட்டலங்கள், ஜாடிகள் எல்லாம் சேர்த்து 120 சிங்கப்பூர் வெள்ளிக்குள். சுருட்டின் விலை வேறு கணக்கு. புகையிலைக்கு இங்கே தீர்வை விலக்கு கிடையாது. ஒரே ஒரு சுருட்டோடு சாங்கி விமான நிலையத்தில் இறங்கினாலும் சுங்கத்தில் அறிவிக்கும் சிவப்பு வழிதான். மாதத்துக்கு இரண்டு என்பது என் அளவு. உடலுக்கு நல்லது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா, உறையூர்ச் சுருட்டைக் கோங் குவான் பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பார். காய்ந்த சுருட்டு, வாரத்துக்குள் தீர்ந்துவிடும், ஈரமானி எதற்கு? ஆங்கிலத்தின் செரூட் என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான் என்று தெரிந்திருந்தால் இன்னும் கெத்தாகப் புகைத்திருப்பார்.

குறை இரண்டு. வெப்பநிலையை என்னால் வெல்ல முடியவில்லை. பத்தாண்டு பழக்கிப் புகைக்க நினைப்பவருக்கு இந்த ஏற்பாடு ஆகாது. சிலிக்கான் வளையமும் மூன்றாம் ஆண்டில் ஒரு மூலையில் தளர்ந்து, ஈரமானி 65லிருந்து 71க்கு ஏறியது. தனி வளையம் கிடைக்காமல் பெட்டியையே மாற்றினேன்.

2021இல் வாங்கிய சுருட்டுகளில் பிழைத்தவை ஐந்து. சோதனைக்காகவே தொடாமல் வைத்திருந்தேன். போன மாதம் நண்பரின் தரைவீட்டு முற்றத்தில் அவற்றில் ஒன்றைப் பற்றவைத்தேன். மேல் இலை கொஞ்சம் நிறம் மங்கியிருந்தது. இழுப்பு தாராளம், நெருப்பு ஒரு பக்கமாகச் சாயவில்லை, ஒன்றேகால் மணி நேரத்தில் ஒருமுறைகூட மறுபடி பற்றவைக்க வேண்டியிருக்கவில்லை. பாதிக்குமேல் காரம் குறைந்து, வறுத்த நிலக்கடலைத் தோல்போல் ஒரு வாசனை வந்தது. மீதி நான்கு உள்ளே இருக்கின்றன. இன்று காலை ஈரமானி 66.