இளநீர் வேண்டாம், சிஸ்டர்: அடிசன் நோயாளியோடு வார்டில் ஐந்து நாள்

கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் காய்ச்சலும் வாந்தியும். அடிசன் நோயாளி, சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் ஹார்மோனும் சுரக்காது, ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனும் சுரக்காது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 5 நாள். சிஸ்டர்களின் கைவேகத்தில் குறையே இல்லை. வறண்டு ஒட்டிப்போன கையிலும் ஒரே குத்தில் வென்ஃப்ளான் (சலைன் ஏற்றும் ஊசிக்குழாய்) ஏறியது. சிக்கல் வேறு இடத்தில்: வார்டின் வழக்கமெல்லாம் பிரஷர், சுகர்காரர்களுக்காக அமைந்தது. அடிசன்காரருக்கு அதே வழக்கம் வினையாகிவிடுகிறது.

சாப்பாட்டுத் தட்டையே பாருங்கள். வயதானவர் என்றதும் டயட் கிச்சனிலிருந்து உப்பில்லாக் கஞ்சி வருகிறது. ஆல்டோஸ்டிரோன் இல்லாத உடம்பு சோடியத்தைச் சிறுநீரில் இழக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும். இவருக்கு உப்புதான் மருந்து. பார்க்க வருகிற சொந்தங்களோ ஆளுக்கு ஒரு இளநீரோடு வருவார்கள். அதில் சோடியம் சொற்பம், பொட்டாசியம் ஏராளம். ஏற்கெனவே பொட்டாசியம் ஏறிக் கிடப்பவருக்கு இதயத் துடிப்பே தடுமாறலாம். உப்புப் போட்ட கஞ்சி, ஓ.ஆர்.எஸ். போதும். டயட் சீட்டில் ‘உப்புத் தடையில்லை’ என்று எழுதி வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேராது.

வாந்தி தொடங்கிவிட்டால் தினமும் போடும் ஸ்டீராய்டு மாத்திரையை நம்ப முடியாது. ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசாலுக்கு மாற்றாகத் தரும் ஸ்டீராய்டு) 100 மி.கி. உடனே நரம்பு ஊசியாக. நரம்பு கிடைக்காவிட்டால் தொடையின் வெளிப்பக்கத் தசையில். கூடவே முதல் ஒரு மணி நேரத்தில் நார்மல் சலைன் 1 லிட்டர் (இதயம் பலவீனமானவருக்கு நிதானித்து), பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஹைட்ரோகார்ட்டிசோன் 50 மி.கி. ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. இங்கே ஊசி மருந்து வந்து சேரவே நேரம் போனது: டாக்டர் ஸ்லிப் எழுத, அட்டெண்டர் பார்மசிக்கு இறங்க, பில் போட, லிஃப்டுக்கு நிற்க, 40 நிமிடம். இரண்டு குப்பி ஹைட்ரோகார்ட்டிசோன், ஸ்டெரைல் வாட்டர், சிரிஞ்சு ஆகியவற்றைப் பையிலேயே வைத்திருந்து, சேர்க்கும்போதே சிஸ்டர் கையில் கொடுத்துவிடலாம். குப்பியில் வெள்ளைப் பொடிதான் இருக்கும். 2 மில்லி தண்ணீர் விட்டு, உள்ளங்கையில் உருட்டிக் கரைத்து, தெளிந்த பிறகு இழுக்க வேண்டும். லேபிளில் ‘சோடியம் சக்சினேட்’ என்று இருக்க வேண்டும்; ‘அசிட்டேட்’ என்றால் நரம்பில் போடக் கூடாது. ‘டெக்சோனா கையில இருக்கு, போடட்டுமா?’ என்று கேட்பார்கள். அது டெக்சாமெத்தசோன் என்ற வேறொரு ஸ்டீராய்டு. வேறு எதுவும் இல்லையென்றால் அதையாவது போடலாம், ஆனால் அது உப்பைப் பிடித்து வைக்காது.

மறுநாள் ஸ்கேனுக்கு ‘வெறும் வயிறு’ என்றார்கள். காலை மாத்திரையும் சேர்ந்து நின்றுபோகப் பார்த்தது. ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரையைக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் ஊசியாகப் போடலாம். விடுவது மட்டும் ஆகாது.

இன்னொரு வம்பு, நம் ஊர் ‘1-0-1’, அதாவது காலையில் ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. வாந்தி நின்று மாத்திரைக்குத் திரும்பியதும் சார்ட்டில் அப்படித்தான் ஏறியது. ஹைட்ரோகார்ட்டிசோனை எழுந்ததும் 10, மதியம் 5, மாலை 4 மணி வாக்கில் 5 மி.கி. என்று பிரித்துக் கொடுப்பார்கள். காய்ச்சல் நாளில் இதுவே இரட்டிப்பு. 1-0-1 என்றால் மத்தியானம் துவண்டுபோவார், ராத்திரி தூக்கம் வராது. வார்டில் 5 மணிக்கே எழுப்பி உடம்பு துடைத்துவிடுகிறார்கள், மாத்திரை டிராலி வருவதோ டிபனுக்குப் பிறகு 9 மணிக்கு. இடையில் தலைசுற்றினால் பிரஷர் பார்ப்பது படுக்க வைத்து. 110 இருக்கும், ‘நார்மல்’ என்பார்கள். எழுந்து நிற்க வைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். 20 இறங்கினால் சலைனோ மருந்தோ போதவில்லை. விரல் நுனியில் சுகரும் பார்க்கச் சொல்லுங்கள், விடியற்காலையில் அது இறங்கும். நைட் டியூட்டி சிஸ்டர் ஒருவர் இதையெல்லாம் ஒருதரம் கேட்டுக்கொண்டு, கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் ‘ஸ்டீராய்டு நிறுத்தக் கூடாது’ என்று எழுதிக் கோடும் போட்டார். அதற்குப் பிறகு எந்த ஷிப்டிலும் தவறவில்லை.

ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும், ஆல்டோஸ்டிரோனுக்கு மாற்றான ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். பயண நாளுக்கு இரண்டு மடங்கு கொண்டுவருவது நல்லது. ஹைட்ரோகார்ட்டிசோன் தீர்ந்தே போனால் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எங்கும் கிடைக்கும்; 5 மி.கி. ஏறத்தாழ 20 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோனுக்குச் சமம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை வரி வரியாகப் படியுங்கள். இங்கே கொடுத்ததில், ஆஸ்துமாக்காரருக்கு எழுதுவதுபோல, ‘படிப்படியாகக் குறைத்து 5 நாளில் நிறுத்தவும்’ என்றிருந்தது. டியூட்டி டாக்டரிடம் காட்டியதும் அடித்துவிட்டு, ‘பழைய அளவு வரை குறைத்து, ஆயுள் முழுவதும் தொடரவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.