உப்புக் காற்றில் ஒரு பழைய கணினி: லினக்ஸ் மின்ட் 22.1, எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பாம்பனில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் சன்னல் கம்பி, கதவுக் கொண்டி, மிதிவண்டிச் சங்கிலி எல்லாம் துருப்பிடிக்கும் இந்த வீட்டில், 2009-இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இன்னும் ஓடுகிறது என்றால் கேட்பவர்கள் நம்புவதில்லை. கோர் 2 டுவோ செயலியும் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி வன்தட்டும் கொண்ட அந்தக் கணினியில், விண்டோஸ் 10 திறந்து முடிப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். அதற்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடியவிருந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும் விண்டோஸ் 11-ஐ இதில் முறைப்படி நிறுவ வழியில்லை. எனவே சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில், வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் ஓய்வு இருந்த நாட்களில், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22.1-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன்.

மின்ட் மூன்று முகப்புகளில், அதாவது திரைத் தோற்றங்களில், கிடைக்கிறது: சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. அவற்றுள் பழைய கணினிக்கு ஏற்றது எக்ஸ்எஃப்சிஇ. குறைந்தது 2 ஜிபி ரேம் போதும், 4 ஜிபி இருந்தால் நல்லது என்று மின்ட் குழுவினரே சொல்கிறார்கள். இந்த 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்கள் வரும். செலவு எதுவுமில்லை. ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி யூஎஸ்பியில் எழுதினால் வேலை பாதி முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் நிறுவல் மூன்று முறை பாதியில் உறைந்தது. முதல் இரண்டு முறையும் லினக்ஸையே குறை சொன்னேன். மூன்றாம் முறை அண்ணன் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, “சித்தப்பா, மூடியத் திறந்து எப்பப் பாத்தீங்க?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திறந்து பார்த்தபோது ரேமின் தங்கமுலாம் பூசிய பற்களின் ஓரத்தில் பழைய பித்தளை விளக்கில் படிவது போன்ற பச்சைக் களிம்பு மெல்லிதாகப் படிந்திருந்தது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பள்ளிக்கூட அழிப்பானால் பற்களை இருபுறமும் மெதுவாகத் தேய்த்து, பொருத்தும் பள்ளத்தைக் காய்ந்த தூரிகையால் தட்டித் துடைத்து மீண்டும் பொருத்தினேன். யூஎஸ்பியிலிருந்து எழும் பட்டியலிலேயே நினைவகச் சோதனை ஒன்று இருக்கிறது. அதை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டேன். பிழை ஒன்றும் வரவில்லை. நான்காம் முறை அரை மணி நேரத்துக்குள் நிறுவல் முடிந்தது. கடற்கரை ஊர்க்காரர்கள் எந்த இயங்குதளத்தைக் குறை சொல்வதற்கு முன்பும் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது என்பதே இந்த மதிப்புரையில் நான் முதலில் சொல்ல விரும்புவது.

அடுத்த தொல்லை கடிகார மின்கலம். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினியின் தேதி 2009-க்கே திரும்பியது. எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில்) செய்து வைத்த வரிசையும் அழிந்தது. தேதி பின்னால் இருக்கும்போது மேம்படுத்தல் நிரல் கோப்புகளை ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று மறுக்கும், இணையத்தளங்களும் சான்றிதழ் பிழை என்று மிரட்டும்; இணையம் வந்து நேரம் தானாகத் திருந்தும் வரை இப்படித்தான். இதைப் பார்த்து லினக்ஸ் கெட்டுவிட்டது என்று மறுபடி நிறுவியவர்களை எனக்குத் தெரியும். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் சிஆர்2032 வில்லை ஒன்றை மாற்றியதும் எல்லாம் தீர்ந்தது.

வன்தட்டை எடுத்துவிட்டு சுழலும் பாகமில்லாத, வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி வட்டு போட்டதுதான் கண்கூடான மாற்றம். ரேமையும் 4 ஜிபி ஆக்கினேன். இப்போது பொத்தானை அழுத்தியதிலிருந்து முகப்பு வர முக்கால் நிமிடம் ஆகிறது. ஃபயர்ஃபாக்ஸில் ஐந்தாறு தாவல் வரை தடுமாற்றமில்லை. யூடியூப் மட்டும் முதலில் திணறியது. புதிய காணொளி வடிவங்களைப் பிரித்துக் காட்டுவது இந்தப் பழைய செயலிக்குப் பாரம் என்பதால், எச்.264 என்ற பழைய வடிவத்தையே கேட்டு வாங்கும் ஓர் உலாவி நீட்சியைச் சேர்த்தேன். 480பி-யில் சீராக ஓடுகிறது, அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

தமிழ் எழுதுவது நான் எதிர்பார்த்ததைவிட எளிது. ஐபஸ், ஐபஸ்-எம்17என் ஆகிய இரண்டு தட்டச்சு மென்பொருள் பொதிகளை நிறுவி, ஒரு முறை வெளியேறி நுழைந்தால் தமிழ்99 விசைப்பலகை பட்டியலில் வந்துவிடுகிறது. சிக்கல் வேறு இடத்தில். ஊரில் தட்டச்சு மையங்களில் அடித்து வாங்கி வைத்திருந்த பழைய விண்ணப்பங்களெல்லாம் பாமினி, வானவில் போன்ற, பொதுக் குறிமுறையான யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் இருந்ததால், மின்ட்டுடன் வரும் அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமாகத் தெரிந்தன. அந்த எழுத்துருக் கோப்புகளைப் பழைய வட்டிலிருந்து எடுத்து, வீட்டுக் கோப்புறைக்குள் (ஹோம்) .fonts என்ற உட்கோப்புறையில் போட்ட பிறகு படிக்க முடிகிறது. ஆனாலும் அவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது.

ஏமாற்றம் தந்தது அச்சுப்பொறி. ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி காணும் சிறிய லேசர் வகையைச் சேர்ந்த ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதற்கான இயக்கி (டிரைவர்) லினக்ஸில் சரியாக அமர இரண்டு நாள் பாடுபட்டும், பத்துப் பக்கத்துக்கு ஒரு முறை சண்டித்தனம் செய்கிறது. எச்பி அச்சுப்பொறிகள் பெரும்பாலானவற்றுக்கு ஆதரவு உள்ளேயே இருப்பதால் செருகியவுடன் வேலை செய்யும்; புதிதாக வாங்குவோர் இதைக் கேட்டு வாங்கலாம். வைஃபையும் அப்படித்தான். தங்கை வீட்டு மடிக்கணினியில் பிராட்காம் நிறுவன வைஃபை சிப் இருந்ததால் முதல் நாள் வைஃபை வரவேயில்லை. கைபேசியை யூஎஸ்பி வடத்தில் இணைத்து அதன் வழியே இணையம் எடுத்து, இயக்கி மேலாளரில் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்ததும் வந்தது.

டேலியில் கணக்கெழுதும் கடைக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு விண்டோஸ்தான் பொருந்தும். 32 பிட் செயலி உள்ள பழைய நெட்புக்குகளிலும் மின்ட் 22 ஏறாது. அவற்றுக்கு இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் 12 ஒரு வழி, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அந்த வகைக்கு நிறுவியைக் கைவிட்டுவிட்டது. நிறுவும்போது ‘வட்டை அழி’ என்ற தேர்வு முதலிலேயே கண்ணில் படும். குடும்பப் படங்களை வேறொரு வட்டில் எடுத்து வைக்காமல் அதைத் தொட வேண்டாம்.

எங்கள் வீட்டில் கணினியை அதிகம் பயன்படுத்துவது என் மனைவி. கருவாட்டு வரவு செலவை லிப்ரே ஆபிஸ் கால்க்கில் எழுதுகிறார். இதுவரை அவர் சொன்ன ஒரே குறை, எழுத்துகள் சிறிதாக இருக்கின்றன என்பதுதான். அதையும் அமைப்புகளில் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது வாடைக்காற்று காலம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து துடைப்பது என்று வைத்திருக்கிறேன். சென்ற வாரம் திறந்தபோது பற்களில் களிம்பு இல்லை, மின்விசிறியில் மட்டும் ஒரு விரல் கனத்துக்கு ஈரத் தூசி படிந்திருந்தது.