ஆனி, ஆடியில் ராணி போனால்: வளர்க்கவா, வைக்கவா, சேர்க்கவா?

பனையும் சீமைக்கருவேலும் பூத்து ஓய்ந்து மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுத்தபின் ராணி இழந்த தேனீப் பெட்டிக்கு மூன்று வழி. பெட்டியே புது ராணியை வளர்க்க விடலாம்; முட்டையிடும் ராணியைக் கொண்டுவந்து வைக்கலாம்; ராணியுள்ள இன்னொரு பெட்டியோடு சேர்க்கலாம். மாசி, பங்குனி என்றால் முதல் வழியே போதும். ஆனி, ஆடியில் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

முதலில் ராணி நிஜமாகவே இல்லையா என்று பாருங்கள். தேன், மகரந்த வரத்து குறைந்தால் ராணி முட்டையையும் குறைக்கும். கண்ணில் படவில்லை என்பதால் போய்விட்டது என்று ஆகாது. வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி அடையுள்ள சட்டத்தைப் பிடித்து அறைகளின் அடியைப் பாருங்கள். அறைக்கு ஒரு முட்டை, நடு அடியில் நின்றால், மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் சுவரில் ஒட்டியிருந்தால் வேலைக்காரத் தேனீக்கள் இடத் தொடங்கிவிட்டன. நம் இந்தியத் தேனீயில் இது சீக்கிரமே வந்துவிடும்.

வளர்க்க விட்டால் கணக்கு இப்படிப் போகும். ஒரு நாள் வயதுப் புழுவை எடுத்து வளர்த்தால் ராணி வெளிவர 11, 12 நாள். கலவிப் பறப்புக்குத் தேற ஏறக்குறைய ஒரு வாரம். முட்டையிட இன்னும் மூன்று நாலு நாள். அந்த முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர 20 நாள். ஆக 40 நாளுக்கு மேல் புதுக் கை ஒன்றும் சேராது. இருக்கும் தேனீக்கள் அதற்குள் கிழடாகிக் குறைந்துவிடும். ராணி பறந்தாலும் சேர ஆண் தேனீ வேண்டுமே? பக்கத்துப் பெட்டிகளின் அடை ஓரத்தில், நடுவே ஊசித்துளையுள்ள குவிந்த ஆண் தேனீ மூடிகள் தெரியாவிட்டால் இந்த வழியை மறந்துவிடுங்கள். காற்றும், தோப்போரக் கரண்டுக் கம்பியில் காத்திருக்கும், தேனீ தின்னும் பஞ்சுருட்டான் குருவியும் வேறு. முதிர்ந்த ராணி அறையை வெட்டி ஒட்டினால் பத்து நாள் மிச்சம்; கலவியில் உள்ள ஆபத்து அப்படியேதான்.

முட்டையிடும் ராணி கிடைத்து, பெட்டியில் நாலைந்து சட்டம் நிறையத் தேனீயும் இருந்தால் இரண்டாவது வழி லாபம். தேனீயை லேசாக உதறி, அடையின் இருபுறமும் உள்ள ராணி அறைகளை ஒன்று விடாமல் கிள்ளுங்கள். ஒன்று தப்பினாலும் கொண்டுவந்த ராணி செத்தது. ராணியைக் கம்பிவலைக் கூண்டிலிட்டு, கூண்டின் வாயைத் தேனில் பிசைந்த சர்க்கரைப் பொடியால் அடைத்து, பொழுது சாய்ந்ததும் புழு அடைகளுக்கு நடுவே தொங்கவிடுங்கள். மறுநாள் தேனீக்கள் கூண்டை மொய்த்து வலையைக் கடித்தால் இன்னும் ஒரு நாள் வாயைத் திறக்கவிடாதீர்கள். நிதானமாக நாக்கை நீட்டி ஊட்டினால் ஏற்றுக்கொண்டன. சாயங்காலம் சர்க்கரையும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலந்த பாகு 200 மில்லி, வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல். கூட்டம் ஓடிப்போகாமல் ஒரு வாரம் வாசலில், வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையும் ராணித் தடுப்பு போடலாம். கன்னி ராணி இருக்கும் பெட்டிக்கு இதைப் போட்டுவிடாதீர்கள். அது கலவிக்கு வெளியேறவே முடியாது.

தேனீ மூன்று சட்டத்துக்குள் சுருங்கியிருந்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். ஒரு பெட்டி குறைகிறதே என்ற மனத்தாங்கலில்தான் பலர் இரண்டையும் இழக்கிறார்கள். தினம் ஓரிரு அடியாக நகர்த்தி இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து, ராணியுள்ள பெட்டியின் மூடியை எடுத்து ஒரு தாள் செய்தித்தாளை விரித்து, குண்டூசியால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, மேலே ராணியில்லாத பெட்டியின் சட்டங்கள் உள்ள அறையை இருட்டும் நேரத்தில் வையுங்கள். மூன்று நாலு நாளில் காகிதத் துணுக்கு வாசலில் விழும். வேலைக்காரத் தேனீ முட்டையிட்ட பெட்டிக்கும் இதுவே. அந்த அடைகளை மட்டும் முன்பே வெட்டி எடுங்கள், சேர்க்கும் பெட்டி பலமானதாக இருக்கட்டும்.

மிஞ்சும் காலி அடைகளைப் பெட்டியில் விட்டால் மெழுகுப் புழு ஏறும், உருக்கிவிடுங்கள். மழை முடிந்து தை, மாசியில் ஆண் தேனீ மூடிகள் தெரிந்ததும் அதே கூட்டத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.