சர்ஃபேசி வழியா, டிஆர்டி வழியா?

மாட்டுங்காவில் காபி குடிக்கும்போது நண்பர் கேட்டார்: “சார், திரும்பி வராம நின்ன 100 ரூபாய் வீட்டுக்கடனை வங்கிகிட்ட இருந்து 40-க்கு வாங்கியாச்சு. இப்போ அது எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு எப்படிப் பார்க்கிறது?” வழக்கு எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்தது அது.

அடமான சொத்தைக் கடன் கொடுத்தவரே வழக்குப் போடாமல் எடுத்து விற்க வழி தரும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்ட வழி என்றால் பெரும்பாலும் காலண்டரே போதும். கடனைக் கட்டச் சொல்லும் 13(2) நோட்டீஸ், 60 நாள் அவகாசம், அப்புறம் வீட்டை எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸ். அது இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். ஆனால் கதவில் ஒட்டிய சுவாதீனத்தையும் சாவி கைக்கு வந்த சுவாதீனத்தையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். குடியிருப்பவர் கிளம்பாவிட்டால் 14-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். அவர் உத்தரவிட சட்டம் 30 நாள், காரணம் எழுதினால் மொத்தம் 60 நாள் என்கிறது. கோப்பு தூங்குவது பெரும்பாலும் இங்கேதான். கடனாளியும் 45 நாளுக்குள் 17-ஆம் பிரிவில் டிஆர்டிக்கு, அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு, எதிர்த்துப் போகலாம்.

டிஆர்டி வழி 1993 சட்டப்படி, 20 லட்சத்துக்குக் குறையாத கடனுக்கு. இங்கே நாள்களை அல்ல, வாய்தாக்களை எண்ண வேண்டும். மும்பையில் ஒன்றுக்கு மேற்பட்ட டிஆர்டி இருப்பதால் எது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பாக்கி என்று தீர்ப்பாயம் தரும் வசூல் சான்றிதழ் வந்ததும் இனிப்பு வாங்கிவிடாதீர்கள், வசூல் அதிகாரியின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஆனால் வீடு விற்றும் பாக்கி நின்றால், மற்ற சொத்துகளைத் தொட இந்த வழிதான் உதவும்.

வீடு காலியாக இருந்தால் நான் சர்ஃபேசியைத்தான் நம்புவேன். இரண்டையும் ஒருசேர நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லிவிட்டதால், என் எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு கடனுக்கும் இரண்டு பத்திகள்.